முகத்துக்கு ஏற்ற கண்ணாடியா, சாலைக்கு ஏற்ற கண்ணாடியா?

“கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?” என்று நம் பெரியவர்கள் கேட்டு வைத்தார்கள். அந்தப் பழமொழியை உண்டாக்கிய மகானுபாவருக்குச் சைக்கிளும் தெரியாது. நான்கு வழிச் சாலையும் தெரியாது. ஆயினும், விடியற்காலையில் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே தலையைக் குனிந்து சைக்கிள் மிதிக்கும் அன்பர்களைக் காணும்போது, அவர்களை உத்தேசித்தே அது சொல்லப்பட்டதோ என்று நமக்குத் தோன்றுகிறது.

சைக்கிள் சவாரியும் ஓட்டமும் நம் ஊர்களில் பரவி வருவது சந்தோஷத்துக்குரிய விஷயம். ஆனால் இவர்களில் மூக்குக் கண்ணாடி அணிவோரின் பாடு சற்றுத் தர்மசங்கடமானது. அவர்கள் மூன்று வகையாகப் பிரிகிறார்கள். வியர்வையில் வழுக்குகிறது என்று கண்ணாடியை வீட்டு மேஜையிலேயே விட்டு வருவோர் ஒரு வகை. ஆபீஸ் கண்ணாடியையே அணிந்து வந்து, அடிக்கொரு தரம் மூக்கின்மேல் ஏற்றிக்கொள்வோர் இரண்டாம் வகை. பவரே இல்லாத கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பார்ப்பதற்கு அழகாகவும் பார்வைக்கு மங்கலாகவும் செல்வோர் மூன்றாம் வகை.

முதல் வகையினருக்கு ஒரு சின்னக் கணக்கு. மைனஸ் 2 பவர் உள்ளவருக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் அரை மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவாக இராது. அதாவது, சைக்கிளின் கைப்பிடி வரையில்தான் அவருடைய தெளிந்த உலகம். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சைக்கிளோ ஒரு விநாடியில் சுமார் 7 மீட்டர் முன்னேறிவிடுகிறது. சாலையில் கிடக்கும் கல்லைக் கண்டு, தீர்மானித்து, விலகுவதற்கு இரண்டு விநாடியாவது வேண்டாமா? அதற்குள் 14 மீட்டர் கடந்தாகிவிடும். லாரிகள் விரையும் பெருஞ்சாலையில் இது விளையாட்டன்று.

ஆகையால் கண்ணாடி அவசியம். எந்தக் கண்ணாடி என்பதே கேள்வி. கடைக்காரரிடம் கேட்டால் நம் முகத்தைப் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுப்பார். நாமோ, முகத்தைப் பார்ப்பதற்கு முன் சாலையைப் பாருங்கள் என்போம்.

உதாரணத்துக்கு இந்தத் திண்டிவனம் - விழுப்புரம் சாலையையே எடுத்துக்கொள்வோம். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி வழியாகச் செல்லும் இச்சாலை சுமார் 40 கிலோமீட்டர் நீளம். இது நேர் தெற்காகப் போகவில்லை. சற்றே மேற்கில் சாய்ந்து போகிறது. இதன் பலன் விசித்திரமானது. காலையில் திண்டிவனத்திலிருந்து புறப்படுகிறவருக்குச் சூரியன் இடது தோளுக்குச் சற்றுப் பின்னால் நிற்கிறது. மாலையில் அவர் விழுப்புரத்திலிருந்து திரும்பும்போது, மேற்கே இறங்கிய சூரியன் மறுபடியும் இடது தோளுக்குப் பின்னாலேயே வந்துவிடுகிறது. காலையில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் சென்று மாலையில் திரும்புகிறவருக்கோ, இரண்டு வேளையும் சூரியன் வலது புறத்தில், கண்ணுக்கு முன்னால்! ஒரே சாலை, ஒரே சூரியன். ஆனால் இருவருக்கும் வேண்டிய கண்ணாடி வேறு.

திண்டிவனத்துக்காரரின் உபத்திரவம் பின்னாலிருந்து வருகிறது. தோளுக்குப் பின்னாலிருந்து நுழையும் ஒளி கண்ணாடியின் உட்புறத்தில் பட்டுத் திரும்பிக் கண்ணில் விழும். சாலையின்மேல் ஒரு வெளிறிய நிழல் மிதப்பது போலத் தோன்றும். இதற்குக் கறுப்புக் கண்ணாடி பரிகாரமன்று. கறுப்பு நிறம் சாலையை மங்கச் செய்யும். உட்புறத்துப் பிரதிபிம்பத்தை மங்கச் செய்யாது. ஆகவே தொந்தரவு அதிகமாகவே தெரியும். அவருக்கு வேண்டியவை இரண்டு: பக்கவாட்டில் முகத்தோடு ஒட்டி அமையும் பிரேம்; லென்ஸின் உட்புறத்திலும் பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சு.

விழுப்புரத்துக்காரருக்கு நிறம் வேண்டும். கூடவே தொப்பியின் முன்விளிம்பும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கீறலற்ற லென்ஸ் வேண்டும். எதிர் வெயிலில் ஒவ்வொரு கீறலும் ஒரு சிறு விளக்கைப் போல ஒளிர்ந்து பார்வையை மறைக்கும். முந்திச் செல்லும் வண்டிகள் வருவதும் வலப்புறமே அல்லவா? அவற்றைத் திரும்பிப் பார்க்கும்போது அவர் கண் சூரியனைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நிறம் என்றால் எவ்வளவு? வெயில் கண்ணாடிகளை 0 முதல் 4 வரை ஐந்து படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். மூன்றாம் படி, விழும் ஒளியில் 8 முதல் 18 சதவிகிதம் வரை உள்ளே விடும். நடுப்பகல் வெயிலுக்கு அது போதும். நான்காம் படி 3 முதல் 8 சதவிகிதம்தான் விடும். பனிமலைகளுக்கு ஏற்ற அதைச் சாலையில் வண்டி ஓட்டும்போது அணியலாகாது. அந்தி சாய்ந்த பிறகு நிறமற்ற லென்ஸ் தவிர வேறு எதுவும் கூடாது. கறுப்பாக இருந்தால்தான் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. பாலிகார்பனேட் என்னும் பொருளால் செய்த லென்ஸ், நிறமே இல்லாவிட்டாலும் அக்கதிரைத் தடுத்துவிடும்.

வெயிலில் தானே கறுத்து நிழலில் தானே வெளுக்கும் லென்ஸ் ஒன்று உண்டு. ஒரே கண்ணாடியில் காரியம் முடிந்தது என்று பலர் அதை வாங்குகிறார்கள். அதற்கு ஒரு குணம்: குளிர் காலத்தில் நன்றாகக் கறுக்கும், வெப்பம் ஏற ஏறக் கறுப்பது குறையும். விழுப்புரத்துச் சித்திரை வெயிலில், அதிகமாகக் கறுக்க வேண்டிய வேளையில்தான் அது சோம்பிவிடும்! அதிகாலையில் புறப்பட்டு எட்டு மணிக்குள் வீடு திரும்புவோருக்கு அது சௌகரியமானது. உச்சி வெயிலில் செல்வோர் அதையே முழுதும் நம்ப வேண்டாம்.

திண்டிவனத்திலிருந்து கிழக்கே மரக்காணம் செல்வோருக்கு இன்னொரு வகை உதவும். காலையில் நேர் எதிரே சூரியன்; கடற்கரையை நெருங்கினால் உப்பளப் பாத்திகளில் தேங்கிய நீரிலிருந்து எழும் பளபளப்பு. இந்த நீர்ப் பளபளப்பைப் போலரைஸ்டு லென்ஸ் வெகுவாகக் குறைக்கும். ஆனால் அதன் வழியாகப் பார்த்தால் சைக்கிளில் பொருத்திய சிறு மீட்டரின் எழுத்தும் தொலைபேசியின் திரையும் சில கோணங்களில் இருண்டுபோகும். வாங்கும்போதே மீட்டரை எதிரே வைத்துப் பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இனி, லென்ஸின் பொருள். விளையாட்டுக்கு அசல் கண்ணாடி லென்ஸ் உதவாது. உடைந்தால் சில்லு கண்ணில்தான் பாயும். இரண்டாம் உலக யுத்தத்தின்போது விமானங்களின் எண்ணெய்த் தொட்டிகளுக்கு உபயோகப்பட்டு, 1947-இல் மூக்குக் கண்ணாடிக்கு வந்த சி.ஆர். 39 என்ற பிளாஸ்டிக் தெளிவானது, மலிவானது. ஆனால் பலத்த அடியைத் தாங்காது. பாலிகார்பனேட் அடியைத் தாங்கும். ஆனால் எளிதில் கீறும், ஓரங்களில் சற்று நிறச்சாயல் காட்டும். ஆகவே கெட்டிப் பூச்சு இல்லாமல் அதை வாங்கலாகாது. 2001-இல் வந்த டிரைவெக்ஸ் அடியையும் தாங்கும், அதைவிடத் தெளிவாகவும் காட்டும், எடையிலும் குறைவு, விலையில்தான் கூட. முன்னால் செல்லும் லாரியின் சக்கரம் தெறிக்கும் ஒரு கல்லை மனத்தில் வைத்துக்கொண்டு, பாலிகார்பனேட், டிரைவெக்ஸ் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்க.

முகத்தைச் சுற்றி வளைந்து வரும் பிரேம் காற்றையும் புழுதியையும் வண்டையும் தடுக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை. தட்டையான பிரேமுக்கு எழுதிய பவரை அப்படியே வளைந்த பிரேமில் பொருத்தினால், பக்கவாட்டில் தரை நீந்துவது போலத் தெரியும். தூரத்தை மதிப்பதில் தவறு நேரும். லென்ஸ் எவ்வளவு சாய்ந்து அமைகிறதோ அதற்குத் தக்கபடி பவரைத் திருத்திக் கணக்கிட வேண்டும். “இந்த வளைவுக்குக் கணக்குப் போட்டுத் தருவீர்களா?” என்று கடையில் கேளுங்கள். கேள்வியே புரியாத கடையில் வளைந்த பிரேம் வாங்க வேண்டாம். மைனஸ் பவர் ஏற ஏற லென்ஸின் ஓரம் தடிக்கும் என்பதால், 4-க்கு மேற்பட்டவர்கள் குறைந்த வளைவுள்ள பிரேமோடு நிற்பது நலம். வெளியே வெறும் கவசக் கண்ணாடி, உள்ளே சிறு பவர் கண்ணாடி என்று இரட்டையாக அமைவதும் உண்டு. அதில் சௌகரியம் அதிகம். ஆனால் நின்றவுடன் ஆவி படிவதும் அதிகம்.

பிறகு, உடம்பின் நிலை. சைக்கிளில் குனிந்து செல்கிறவர் லென்ஸின் நடுவழியாகப் பார்ப்பதில்லை. மேல்பாகத்தின் வழியாகப் பார்க்கிறார். ஆகையால் மேல் விளிம்பு புருவம் வரை உயர்ந்திருக்க வேண்டும். லென்ஸின் மையத்தையும் அதற்கேற்ப உயர்த்திப் பொருத்தச் சொல்ல வேண்டும். ஆபீஸ் கண்ணாடியின் தடித்த மேல் சட்டம் சரியாகச் சாலை தெரிய வேண்டிய இடத்தில் வந்து குறுக்கே நிற்கும். காதில் மாட்டும் கால்கள் நேராக இருந்தால் ஹெல்மெட்டோடு சண்டை போடா.

ஓடுகிறவரின் சங்கதி வேறு. அவர் நிமிர்ந்து ஓடினாலும் கண் காலடிக்குச் சில கஜம் முன்னால் தரையில் இருக்கும். நாற்பது வயதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்கள், கீழ்ப்பாதியில் படிக்கும் பவர் அமைந்த கண்ணாடியோடு ஓடினால் தரை மங்கித் தெரியும், கால் இடறும். விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஆரோவில்லில் செம்மண் பாதைகளில் மாரத்தான் ஓடுவோரைக் கேட்டால், ஒரு மர வேர் எவ்வளவு பெரிய எதிரி என்று சொல்வார்கள். ஓட்டத்துக்குத் தூரப் பவர் மட்டும் உள்ள தனிக் கண்ணாடி வேண்டும். மர நிழலும் வெயிலும் மாறி மாறி வரும் பாதையில் வெளிர் நிறத்துக்கு மேல் வேண்டாம். எடை குறைந்ததாய், மூக்கிலும் காதிலும் ரப்பர் பற்று உள்ளதாய் இருந்தால் வியர்வையிலும் நழுவாது.

இதெல்லாம் பணம் படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. அரசாங்கம் கொடுக்கும் இலவச சைக்கிளில் கிராமத்திலிருந்து பள்ளிக்கூடம் செல்லும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களில் கிட்டப்பார்வை உள்ளவர்கள், உடைந்தால் வீட்டில் திட்டுவார்கள் என்று கண்ணாடியைப் பைக்குள் வைத்துவிட்டுச் சாலையைக் கடக்கிறார்கள். வகுப்புக்கு வந்த பிறகுதான் அணிகிறார்கள். கரும்பலகையைவிடச் சாலையன்றோ முதலில் தெரிய வேண்டும்? அவர்களுக்கு வளைந்த பிரேமும் வேண்டாம், நிறமும் வேண்டாம். கெட்டிப் பூச்சுள்ள நிறமற்ற பாலிகார்பனேட் லென்ஸ், வளைந்து கொடுக்கும் சாதாரண பிரேம், பின்னால் கட்டிக்கொள்ள ஒரு கயிறு, அவ்வளவே. வீட்டில் ஒருவருக்குத்தான் நல்ல லென்ஸ் வாங்க முடியும் என்றால், தகப்பனாரின் ஞாயிற்றுக்கிழமைச் சவாரிக்கு முன்னால் குழந்தையின் தினசரிச் சவாரியை நினைக்க வேண்டும்.

கண்ணாடிக்கு முன் கண் பரிசோதனை. 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2003 முதல் புதுச்சேரியிலும் இருக்கிறது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் அது எட்டாத தூரமன்று. எங்கே பரிசோதித்தாலும், பவரோடு இரு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரத்தையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வளர்கிற பிள்ளைகளுக்கு வருஷம் ஒரு முறை பரிசோதனை வேண்டும். வாங்கிய பின் புழுதி படிந்த லென்ஸை வேஷ்டித் தலைப்பால் துடைப்பது உப்புத்தாளால் துடைப்பதற்குச் சமானம். முதலில் தண்ணீர்; பிறகுதான் மெல்லிய துணி.

கடைசியாக, கடையில் செய்ய வேண்டிய காரியம். அங்கே உள்ள நிலைக்கண்ணாடியில் நம் முகம்தான் தெரியும், சாலை தெரியாது. ஆகவே பிரேமை மாட்டிக்கொண்டு சைக்கிளில் குனிவது போலக் குனிந்து, மேலே நோக்குங்கள். பத்துத் தடவை குதியுங்கள். வாசலுக்கு வந்து, வெயில் தோளுக்குப் பின்னால் படும்படி ஒரு தரமும், கண்ணுக்கு எதிரே படும்படி ஒரு தரமும் நின்று பாருங்கள். கடைச் சிப்பந்திகள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். விக்கிரவாண்டி சுங்கச்சாவடிக்கு அப்பால் லாரி முந்தும்போது அவர்கள் நம்மோடு வரப்போவதில்லை. அந்தக் கண்ணாடிதான் வரப்போகிறது.