மாத்திரையோடு மொழியும் தருக!

பசறையிலும் மடுல்சீமையிலும் ஹப்புத்தளையிலும் கொழுந்தெடுக்கும் நம் தாய்மார், கருவுற்றதும் அரசாங்கக் கிளினிக்கில் மாத்திரை பெறுகின்றனர். இரும்புச்சத்து, போலிக் அமிலம், கல்சியம் யாவும் இலவசம். இலவச வைத்தியம் இந்நாட்டின் பெருமை. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின், கைக்கு வந்த மருந்து குருதியில் சேர்ந்ததா என்று கேட்பார் யார்?

கர்ப்பிணியின் குருதியில் ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் அது சோகை. சோகை தாயின் பலத்தைத் தின்னும். சிசுவின் எடையைக் குறைக்கும். பேற்றின்போது குருதி பெருகினால் தாங்கும் வலிமையையும் பறிக்கும். அதனைத் தடுக்கவே, நாளொன்றுக்கு 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பும், 400 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் கொடுக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

ஆனால், இரும்புக்கு ஒரு பகை உண்டு. அது தேயிலைச் சாயம்! தேநீரோடு விழுங்கிய இரும்பு உடலிற் சேர்வது வெகுவாகக் குறையும். கல்சியத்தையும் உடன் விழுங்கினால் நட்டம் இன்னும் கூடும். எந்தச் செடியைப் பறித்து நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தாளோ, அச்செடியின் சாயமே அவள் மருந்தை மறிக்கின்ற கொடுமையை என்னென்பது! இம்மாத்திரையால் மலம் கறுப்பதும், மலச்சிக்கல் உண்டாவதும் இயல்பு. இதனை எடுத்துரைப்பார் இல்லையேல், அஞ்சியவள் மாத்திரையை மூலையில் எறிந்துவிடுவாள்.

தீர்வு அரிதன்று. "தேநீர் குடித்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து விழுங்கம்மா, கல்சியத்தை வேறு வேளைக்கு வை." இவ்விரு வாக்கியங்கள் போதும். அவை அவளுக்கு விளங்கும் மொழியில் சொல்லப்பட வேண்டும். தோட்டப் பகுதிகளில் தமிழ் பேசும் குடும்பநல உத்தியோகத்தர் போதாமை நெடுநாட் குறையன்றோ?

கூடை சுமந்து இடுப்பு நோகும் கர்ப்பிணி, கடையில் வலி மாத்திரை வாங்குகிறாள். ஐபுபுரோபன், டைக்குளோபினாக் போன்றவற்றை 20 வாரங்களுக்குப் பின் வைத்தியர் ஆலோசனையின்றி உட்கொண்டால் சிசுவின் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். கடைசி மாதங்களில் இருதயத்தை ஒட்டிய குருதிக்குழாயும் உரிய காலத்துக்கு முன்பே சுருங்கலாம். இதனை அவளுக்கு யார் சொன்னார்கள்?

உலகம் ஒரு முறை பெருவிலை கொடுத்துப் பாடம் கற்றது. 1957இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைட், கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் கொடுக்கப்பட்டது. 1961இல் அது அங்கு மீளப்பெறப்படுவதற்குள், ஆயிரமாயிரம் குழந்தைகள் கைகால் குறையுடன் பிறந்தன. அமெரிக்காவிலோ, பிரான்சிஸ் கெல்சி என்னும் அதிகாரி "போதிய சான்று எங்கே?" என்று கேட்டு அனுமதியை நிறுத்திவைத்தார். கேள்வி கேட்டதால் உயிர்கள் தப்பின. நம் சகோதரியும் "இது என்ன மருந்து?" என்று கேட்க வேண்டும். கேட்பதற்கும் மொழி வேண்டும். மறுமொழி விளங்குவதற்கும் மொழி வேண்டும்.

சட்டம் நம் பக்கமே நிற்கிறது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் பதினாறாம் திருத்தம், அரச அலுவலரிடம் தமிழில் தொடர்பாடும் உரிமையை விரித்துரைத்தது. 1999இல் பதுளை மாவட்டத்தின் சில பிரதேச செயலாளர் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. ஏட்டில் எழுதிய உரிமை கிளினிக்கின் வாசலைத் தாண்டாதிருப்பது ஏன்?

நாம் கேட்பவை மூன்று. மருந்து உறை ஒவ்வொன்றிலும் தமிழ் இடம்பெறுக. எழுத்தறியாதார்க்குச் சூரியனும் சந்திரனும் வரைந்து வேளை காட்டுக. தோட்டத்துப் பெண்பிள்ளைகளைக் குடும்பநல உத்தியோகத்தராகப் பயிற்றி நியமிக்குக. தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு இக்கோரிக்கையையும் பேச்சு மேசையில் வைக்குக.

தோழர்களே! அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதனைத் தீர்மானமாக நிறைவேற்றிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்புங்கள். தாயின் குருதிக்குத் தவணை சொல்ல எவருக்கும் உரிமையில்லை.