மண்டையோட்டைத் துளைக்கும் இயந்திரமும் தெஹியோவிட்டத் தோட்டங்களும்

ஒரு கருவியின் மதிப்பை அதன் நுட்பத்தைக் கொண்டு மட்டும் அளத்தல் பொருந்தாது. அந்நுட்பம் யாருடைய உயிரைக் காக்கின்றது என்பதும் உடன் வினவப்படல் வேண்டும். மண்டையோட்டைத் துளைக்கும்போது தன் முனையில் எழும் எதிர்ப்பைத் தானே உணர்ந்து, எலும்பு முடிவடையும் கணத்திலே தானாக நின்றுவிடும் துளைப்பான் பற்றி இன்று பலரும் வியந்து பேசுகின்றனர். அவர்களுள் ஒரு சாரார், இது மனிதக் கையின் திறனை அழிக்கவந்த கருவி என்கின்றனர். மற்றொரு சாரார், நம் சித்தர்கள் முன்னரே அறிந்திருந்த செய்தி என்கின்றனர். வேறொரு சாரார், நல்ல மலசலகூடமே இல்லாத தோட்டத்துக்கு இஃது எதற்கு என்று வினவுகின்றனர். இம்மூன்று கூற்றுகளும் வெவ்வேறு திசைகளிலிருந்து வந்தபோதும் ஒரே தீர்ப்பையே வழங்குகின்றன. கேகாலை மாவட்டத்தின் தெஹியோவிட்ட போன்ற ஊர்களைச் சூழ்ந்த றப்பர், தேயிலைத் தோட்டங்களில் வாழும் மக்களுக்கும் இக்கருவிக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதே அத்தீர்ப்பு. அது தவறானது, தவறானது மட்டுமன்றி உயிர்க்கேடானதுமாகும்.

முதலிற் கருவியின் இயல்பை நோக்குதல் தகும். மண்டையோடு ஒரே சீரான தகடு அன்று. வெளியே கடினமான ஓர் அடுக்கு, நடுவே கடற்பஞ்சு போன்ற மென்மையான ஓர் அடுக்கு, உள்ளே மீண்டும் கடினமான ஓர் அடுக்கு என மூன்றாக அமைந்தது அது. அதன் தடிப்பும் இடத்துக்கு இடம் வேறுபடும். பிடரிப் பக்கத்திற் பருத்திருக்கும் எலும்பு, காதுக்கு மேலேயுள்ள பகுதியிற் சில மில்லிமீற்றராகக் குறுகிவிடுகின்றது. எலும்பின் உட்புறத்தை ஒட்டியிருப்பது வன்தாயி எனப்படும் மூளையுறை. அதற்கும் கீழே மூளை. ஆகவே துளையிடுவோன் எதிர்கொள்ளும் இடர் யாதெனில், எலும்பை ஊடறுக்கப் போதிய விசையைப் பிரயோகித்தல் வேண்டும். ஆனால் எலும்பு முடிந்த அக்கணத்திலேயே அவ்விசையை நிறுத்துதலும் வேண்டும். ஒரு கணம் தாமதித்தால் முனை மூளைக்குட் பாயும்.

கையாற் சுழற்றும் பழைய துளைகருவியில் இவ்விடரைத் தவிர்த்தது மருத்துவரின் மணிக்கட்டு உணர்வே. பின்னர் வந்த துளைப்பான்களில் ஓர் எளிய பொறிமுறை புகுத்தப்பட்டது. உள்முனை, வெளிமுனை என இரு பகுதிகள். எலும்பின் எதிர்ப்பு உள்முனையை அழுத்தி வைத்திருக்கும் வரையே இரண்டும் சுழலும். எதிர்ப்பு நீங்கியதும் பிணைப்பு விடுபட்டுச் சுழற்சி நின்றுவிடும். மின்னணுவோ கணினியோ இதற்கு வேண்டியதில்லை. எனினும் இதற்கும் எல்லை உண்டு. எலும்பு மிக மெல்லியதாயின், முனை செங்குத்தாக நில்லாது சாய்ந்திருப்பின், அல்லது வன்தாயி எலும்போடு இறுக ஒட்டியிருப்பின், கருவி நிற்கத் தவறுவதும் உண்டு. உணரிகள் பொருத்தப்பட்ட புதிய துளைப்பான்கள் இக்குறையையே நீக்க முயல்கின்றன. அவை அழுத்தும் விசையையும் சுழற்றும் முறுக்கத்தையும் இடையறாது அளக்கின்றன. நடுவிலுள்ள மென்மையான அடுக்கை அடையும்போது எதிர்ப்புக் குறைவது எலும்பின் முடிவு அன்று என்பதையும், உள்ளடுக்கின் இறுதியில் எதிர்ப்பு வீழ்வதே உண்மையான முடிவு என்பதையும் இவ்வளவைகளின் போக்கைக் கொண்டு வேறுபடுத்தி அறிவதே இங்குள்ள நுட்பமாகும்.

இது வெறும் கற்பனையன்று. பிரித்தானியாவிற் பீற்றர் பிறெற், டேவிட் புறூப்ஸ் முதலியோர், செவியின் நத்தை எலும்பைத் துளைத்து அதன் உட்சவ்வைக் கிழிக்காமலே நிற்கும் துளைப்பானை 2000களில் உருவாக்கிச் சத்திரசிகிச்சையிற் பயன்படுத்தினர். சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகர ஆய்வாளர்கள், முகநரம்பை ஒட்டிய குறுகிய எலும்பு வழியூடாக இயந்திரக் கையாற் சுரங்கம் துளைத்துச் செவிக்கருவி பொருத்தியமையை 2017ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதே ஆண்டில் அமெரிக்காவின் யூட்டாப் பல்கலைக்கழகத்து வில்லியம் கோல்ட்வெல் குழுவினர், கையாற் செய்தால் இரண்டு மணித்தியாலம் எடுக்கும் சிக்கலான எலும்புத் திறப்பொன்றைத் தமது கருவி இரண்டரை நிமிடத்தில் முடிக்குமென அறிவித்தனர். முகநரம்புக்கு அண்மையிற் சென்றால் தானே நின்றுவிடும் ஏற்பாடும் அதிலிருந்தது.

இனி, இவற்றைக் கண்டு முகஞ்சுளிப்போரின் வாதத்துக்கு வருவோம். 'கையறிவு அழிந்துவிடும்' என்போர் முதலாமவர். கையறிவு என்பது வானத்திலிருந்து இறங்குவதன்று; நூற்றுக்கணக்கான மண்டையோடுகளைத் திறந்த பயிற்சியால் வருவது. அப்பயிற்சி பெருநகரின் பெரிய வைத்தியசாலையிற் பணிபுரிபவருக்குக் கிட்டும். ஆண்டில் ஓரிரு முறை மட்டும் இத்தகைய நோயாளியைக் காணும் புறநகர்ப் பொதுச் சத்திரசிகிச்சை நிபுணருக்கு அஃது எங்ஙனம் கிட்டும்? அவர் கையில் இருக்கவியலாத அறிவைக் கருவியின் முனையில் வைத்துக் கொடுப்பதே இக்கண்டுபிடிப்பின் உண்மையான பயன். எங்கே துளையிடுவது, எப்போது துளையிடுவது என்ற தீர்மானம் அப்போதும் மருத்துவரிடமே இருக்கும். கருவி ஏற்பது ஒரே ஒரு பொறுப்பை: நிற்கவேண்டிய இடத்தில் நிற்பதை.

இரண்டாமவர் பழம்பெருமை பேசுவோர். மன்னன் ஒருவனின் தலைநோயைத் தீர்க்க அகத்தியர் கபாலத்தைத் திறந்ததையும், மூளைமேற் பற்றியிருந்த தேரையை எடுக்க வழியறியாது அவர் தயங்கியபோது, மாணாக்கர் ஒருவர் நீர் நிறைந்த பாத்திரத்தைக் காட்ட அது தாவிக் குதித்ததையும், அம்மாணாக்கர் தேரையர் எனப் பெயர் பெற்றதையும் தமிழர் வழிவழியாகக் கதைத்து வந்துள்ளனர். பௌத்தரும் இதற்கிணையான ஒரு கதையைப் போற்றுகின்றனர். இராசகிருகத்து வணிகன் ஒருவனின் தலையைத் திறந்து ஜீவகர் இரு புழுக்களை அகற்றினார் என விநயபிடகத்து மகாவக்கம் கூறும். இரண்டும் அழகிய கதைகள். ஆயினும் கதையை வரலாற்றுச் சான்றாகக் காட்டி, 'எல்லாம் எம்மிடம் இருந்தன' என்று மேடையில் முழங்குவதாற் காயமுற்ற தொழிலாளி ஒருவனும் பிழைக்கப் போவதில்லை. அக்கதையிற் கற்கத்தக்கது ஒன்று உண்டெனில், ஆசான் திகைத்த இடத்தில் அருகே நின்ற மாணாக்கனே வழிகண்டான் என்பதாகும். அறிவு ஒருவர் கையில் அடைபட்டுக் கிடவாது அடுத்தவர் கைக்கு இறங்கியதாலேயே மன்னன் பிழைத்தான். பெருமை பேசுவோர் மறந்துவிடுவது இப்பகுதியையே.

மூன்றாமவர் வாதமே மிகவும் ஆபத்தானது. ஏனெனில் அது ஏழைகள்மீது இரக்கங் காட்டுவது போன்ற தோற்றத்துடன் வருகின்றது. லயன் அறைகளில் நீரும் மலசலகூடமும் முதலில் வரட்டும், மண்டையோட்டுத் துளைப்பான் பிறகு வரலாம் என்பது அவர் கூற்று. நீரும் மலசலகூடமும் வேண்டும் என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் தோட்டத்துத் தொழிலாளியின் தலையில் அடிபடுவது அவையெல்லாம் கிடைக்கும்வரை காத்திருப்பதில்லை. செங்குத்தான சரிவிற் கொழுந்துக் கூடையுடன் வழுக்கி வீழ்பவளும், விடியற்காலை ஈரத்திற் பால் வெட்டச் சென்று பாறையில் இடறுபவனும், வளைந்த மலைப்பாதையில் முச்சக்கரவண்டி கவிழ்ந்து காயப்படுபவரும், முறிந்த மரத்தின் கிளையில் அகப்பட்டவரும் இங்கு புதுமையானவர் அல்லர். 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் அரநாயக்கவிலும் புளத்கொகுப்பிட்டியவிலும் மண்சரிந்து மக்களைப் புதைத்த மாவட்டம் இது.

இத்தகைய காயங்களுள் ஒன்று தனித்துக் கருதத்தக்கது. காதுக்கு மேலேயுள்ள மெல்லிய எலும்பு வெடிக்கும்போது அதன் உட்புறமாக ஓடும் நாடி கிழிந்து, எலும்புக்கும் வன்தாயிக்கும் இடையே குருதி தேங்குகின்றது. அடிபட்டவர் முதலிற் சிறிது மயங்கி, பின்னர் தெளிந்து எழுந்து பேசவும் கூடும். 'ஒன்றுமில்லை' என்று லயத்துக்குத் திரும்பிப் படுத்துக்கொள்வார். சில மணித்தியாலங்களிற் குருதிக்கட்டி பெருத்து மூளையை அழுத்த, ஒரு கண்ணின் மணி விரிந்து, நினைவு மங்கி, மூச்சு அடங்கும். மூளை அதுவரை பெரும்பாலும் பழுதுபடாதிருந்தது என்பதே இம்மரணத்தின் கொடுமை. உரிய நேரத்தில் எலும்பைத் திறந்து குருதியை வெளியேற்றின் அவர் மறுபடி வேலைக்குச் செல்லக்கூடும். தவறினால் சுடலைக்கே செல்வார். இங்கு உயிரைத் தீர்மானிப்பது நேரம்.

தெஹியோவிட்டவிலிருந்து கொழும்பு நூறு கிலோமீற்றருக்கும் குறைந்த தூரமே. இதைக் காட்டி, 'கொழும்புக்கு அனுப்பினால் போதும்' என்பார் உளர். வரைபடத்தில் தூரத்தை அளப்போர், தோட்டத்தின் மேற்பிரிவிலிருந்து தார்ப்பாதைவரை காயமுற்றவரை இறக்கும் நேரத்தைக் கணக்கிலெடுப்பதில்லை. தோட்ட மருந்தகத்திற் காத்திருக்கும் நேரம், லொறி தேடும் நேரம், ஒரு வைத்தியசாலையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் நேரம் என்பனவும் அவர் கணக்கில் வருவதில்லை. 2016இல் மேற்கு, தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிவடைந்த 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை பெரும் நன்மையே. எனினும் வண்டி ஏறமுடியாத பாதையில் அதுவும் கீழேதான் நிற்கவேண்டும். அவிசாவளையிலிருந்து எட்டியாந்தோட்டைக்கு 1903இல் இடப்பட்ட குறும்பாதை இரயில் 1942இல் மூடப்பட்டது. மலையின் விளைபொருளை இறக்கவே வழிகள் அமைக்கப்பட்டன. விளைவித்தவரின் உயிரை இறக்க அல்ல என்னும் உண்மையை இவ்வட்டாரத்தின் வரலாறு தெளிவாக்குகின்றது.

அறிவு இருந்தும் அது உரியவரை அடையாமையால் மக்கள் மடிந்த கதையும் இம்மண்ணுக்குப் புதிதன்று. 1934, 1935ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட பகுதிகளுள் கேகாலை மாவட்டமும் ஒன்று. மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகி நுளம்பு பெருகியமை காரணமெனினும், கொயினா மருந்து அப்போது நூறாண்டுக்கு மேலாக அறியப்பட்டிருந்தது. மருந்தும் உணவும் மக்களின் வாசலுக்கு வராமையே சாவைப் பெருக்கியது. சூரியமல் இயக்கத்தினர் அவற்றைச் சுமந்து கிராமங்களுக்கு நடந்து சென்றமை அதனாலேயே நினைவுகூரப்படுகின்றது.

துளைப்பானின் கதையும் இதுவே. திறமை மிகுந்த இடத்தில் இக்கருவியின் தேவை குறைவு. திறமை அரிதான இடத்தில் அதன் தேவை மிகுதி. ஆயினும் கருவி முதலிற் செல்வது பணமும் நிபுணரும் குவிந்த இடத்துக்கே. இச்சமூக அமைப்பில் நுட்பம் தேவையைத் தேடிச் செல்வதில்லை. வாங்கும் சக்தியைத் தேடியே செல்கின்றது. இதனை இயற்கை நியதி என்று ஏற்றுக்கொள்வதற்கில்லை. 2009ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மேரிபரோ என்னும் சிறுநகரில், மிதிவண்டியிலிருந்து விழுந்த சிறுவனொருவனுக்கு இதே வகைக் குருதித்தேக்கம் ஏற்பட்டபோது, அங்கிருந்த பொது மருத்துவர் மெல்பேண் நகர நிபுணரின் தொலைபேசி அறிவுரையைக் கேட்டவண்ணம், வைத்தியசாலைத் திருத்தவேலைக்கு வைத்திருந்த சாதாரணத் துளைப்பானாற் சிறுவனைக் காப்பாற்றினார். தானாக நிற்கும் முனைகூட அதில் இருக்கவில்லை. துணிவும் தொலைபேசியும் அவ்வளவு செய்யக்கூடுமாயின், நிற்கத் தெரிந்த கருவியும் முறையான பயிற்சியும் எவ்வளவு செய்யும்?

கருவி ஒன்றே எல்லாவற்றையும் தீர்க்கும் என மயங்குதலும் தவறு. துளையிடவேண்டிய இடத்தைக் காட்ட சி.ரி. ஸ்கான் வேண்டும், மயக்க மருந்து கொடுப்பவர், குருதி, பின்பராமரிப்பு ஆகியன வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் முனைகளை வெளிநாட்டிலிருந்து தொடர்ந்து வாங்குவது, 2022இல் அன்னியச் செலாவணி வற்றி மருந்துகளுக்கே தட்டுப்பாடு நேர்ந்த நாட்டுக்கு எளிதன்று. ஆகவே விலையுயர்ந்த இயந்திரக் கையைக் கேட்பது இங்கு முதற்படியன்று. கிருமிநீக்கி மீளப் பயன்படுத்தத்தக்க, பொறிமுறையால் தானே நிற்கும் எளிய துளைப்பானும், அதைக் கையாளப் பயிற்றப்பட்ட பொதுச் சத்திரசிகிச்சை நிபுணருமே முதற்படி. உணரி பொருத்திய கருவிகள் மலியும்போது, அவை சென்றடையவேண்டிய இடங்களின் பட்டியலில் கரவனெல்லை போன்ற ஆதார வைத்தியசாலைகள் இறுதியில் அன்று, முதலில் எழுதப்படல் வேண்டும்.

அத்துடன், கண்மணியின் விரிவையும் நினைவின் மங்கலையும் கண்டறியத் தோட்ட மருந்தகத்திற் பணிபுரிவோர் பயிற்றப்படல் வேண்டும். 1974இல் கிளாஸ்கோவில் வகுக்கப்பட்ட நினைவுநிலை அளவுகோலுக்குக் கண்ணும் காதும் கையும் போதும். கருவி எதுவும் தேவையில்லை. ஸ்கான் படத்தைத் தொலைவிலுள்ள நிபுணர் உடனே நோக்கி வழிகாட்டும் ஏற்பாடும் வேண்டும். நோயாளியின் உறவினரிடம் தமிழிலேயே விளக்கித் தமிழிலேயே உடன்பாடு பெறுதல் வேண்டும். 1987இல் தமிழும் அரச கரும மொழியாக்கப்பட்ட நாட்டில், வாசிக்கத் தெரியாத மொழியிலுள்ள படிவத்திற் பெருவிரல் பதிப்பது உடன்பாடு ஆகாது.

இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் இத்தீவின் மலைகளில் உழைக்கத் தொடங்கி இருநூறு ஆண்டுகள் நிறைந்தமை 2023இற் கொண்டாடப்பட்டது. 1948இற் பறிக்கப்பட்ட குடியுரிமையை மீட்கவே அவர்களுக்கு அரைநூற்றாண்டு எடுத்தது. மருத்துவ உரிமைக்கும் அத்துணைக் காலம் காத்திருங்கள் என்று கூறும் தகுதி எவருக்கும் இல்லை. தலையில் அடிபட்ட ஒருவன் கொழும்பில் வீழ்ந்தால் பிழைப்பதும் தெஹியோவிட்டவில் வீழ்ந்தால் இறப்பதும் விதியன்று, ஒழுங்கமைப்பின் குறைபாடு. அக்குறையை நீக்கும் வழி இன்று அறியப்பட்டுள்ளது. அதனைச் செய்யாமைக்கான காரணத்தை, செய்யவேண்டியவர்கள் அம்மக்களின் முன்னிலையில் அவர்களுக்கு விளங்கும் மொழியிற் கூறட்டும்.