நகல் வேறு, மைப்படி வேறு

இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966இல் உதகையிலிருந்து மைசூருவுக்கு இடம்பெயர்ந்தது. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டபோது, அவை எந்த ஊரில் இருக்க வேண்டும் என்பதே பெரிதும் பேசப்பட்டது. மின்வடிவில் அவற்றை எவ்வாறு சேமிப்பது என்பதும் அதற்கிணையான கேள்வியே. பெருநிறுவனச் சேமிப்பகங்களில் வழக்கமாகிவிட்ட மறுநகல் நீக்கம் அக்கேள்வியின் மையத்தில் நிற்கிறது.

அதன் செயல்முறை எளிது. தரவு சிறு துண்டுகளாகப் பகுக்கப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஷா-256 போன்ற நெறியால் ஓர் அடையாள எண் கணிக்கப்படுகிறது. அதே எண் முன்பே இருப்பின், துண்டு மீண்டும் எழுதப்படாமல் பழைய துண்டுக்கான சுட்டு மட்டும் பதிவாகிறது. நாள்தோறும் எடுக்கப்படும் காப்புப்படிகளில் இதனால் பேரளவு இடம் மிஞ்சும்.

மைப்படிகளின் நிலை வேறு. ஒரே கல்வெட்டின் இரு மைப்படிகளை வருடினால், கிடைக்கும் கோப்புகளின் பைட்டுகள் ஒத்துவருவதில்லை. எனவே இடச்சிக்கனம் சொற்பமே. அதற்காகத் தோற்ற ஒற்றுமையைக் கொண்டு ‘நகல்’களைக் களையும் மென்பொருளை ஏவினால் விளைவது இழப்பு. முந்தைய படியில் தெளிவாயிருந்த எழுத்து, கல் சிதைந்தபின் எடுத்த படியில் மறைந்திருக்கலாம். உ.வே.சாமிநாதையர் ஒரே நூலின் பல சுவடிகளைத் தேடி ஒப்பிட்டதன் நியாயமும் இதுவே.

இதன் மறுதலை எழுத்துவடிவத் தரவில் நிகழ்கிறது. யூனிகோடில் ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாயினும் கருவிக்கு அவை இரண்டு. கருவியின் ‘ஒன்று’ம் மொழியின் ‘ஒன்று’ம் ஒருபோதும் ஒன்றல்ல.

ஆகவே, மூன்று நிபந்தனைகள் இன்றியமையாதவை. முதலாவதாக, பைட்டளவில் முற்றொருமை கொண்டவற்றை மட்டுமே இணைக்க வேண்டும். ஷா-1 நெறியில் இரு வேறு கோப்புகளுக்கு ஒரே எண் அமைவது 2017இல் மெய்ப்பிக்கப்பட்டதால், அடையாள எண்ணோடு நில்லாமல் பைட்டுகளையும் ஒப்பிடுதல் நன்று. இரண்டாவதாக, எழுத்துக் குறியீட்டைச் சீராக்கும்போது மூலக்கோப்பையும் தனியே காக்க வேண்டும். மூன்றாவதாக, ஒரு துண்டு பழுதானால் அதைச் சுட்டும் கோப்புகள் அனைத்தும் பழுதாகும். எனவே மைசூருவில் ஒன்றும் சென்னையில் ஒன்றுமாகத் தனித்தனிச் சேமிப்பகங்கள் வேண்டும். காப்புக்கென வைத்த அவ்விரு படிகளையும் மறுநகலெனக் கருதி ஒன்றாக்கும் ஏற்பாடு, சிக்கனமன்று; கவனக்குறைவு.

எது நகல் என்பதைத் தீர்மானிப்பது பதிப்பியல் முடிவு. சேமிப்பகத்துக்கான ஒப்பந்த நிபந்தனைகள் எழுதப்படும் மேசையில் கல்வெட்டறிஞருக்கும் மொழியியலாளருக்கும் இடம் வேண்டும்.