ஸ்கிரீனில் சாய்வதும் ரோட்டில் சாய்வதும் ஒன்றல்ல

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் நாற்பது நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள், இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒரு புதுமனை புகுவிழா. பந்தி முடிந்து வெளியே வந்தால், பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் 150 சிசி பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். தலையில் ஹெல்மெட் இல்லை. "யாருப்பா சாவி கொடுத்தது?" என்று கேட்டேன். அவன் அப்பா என்னிடம் படித்தவர்தான். சிரித்துக்கொண்டே சொன்னார்: "சார், அவன் கேம்ல முந்நூறு கிலோமீட்டர் வேகத்துல படுத்துப் படுத்து ஓட்டுறான். அவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி சார்." சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

நல்ல காரியம் நடக்கிற வீடு என்று அன்றைக்குப் பேசாமல் வந்துவிட்டேன். இப்போது பேசுகிறேன்.

கேம் ஆடுவதே தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. இத்தாலியின் மைல்ஸ்டோன் நிறுவனம் செய்யும் மோட்டோஜிபி கேமை என் பேரனோடு உட்கார்ந்து நானும் ஆடியிருக்கிறேன். அருமையாகச் செய்திருக்கிறார்கள். என் சண்டை கேமோடு இல்லை, அப்பாக்களோடு. பையன் என்ன கற்றிருக்கிறான் என்று பார்க்காமலே தேர்ச்சி போட்டுவிடுகிறீர்களே, அதுதான் கேள்வி.

சரி, என்ன கற்றிருக்கிறான்? கன்ட்ரோலரை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். இடது கட்டைவிரலுக்கு ஒரு ஸ்டிக். அதை இடப்பக்கம் தள்ளினால் பைக் இடப்பக்கம் சாயும், ஓட்டுபவன் உடம்பும் கூடவே இடப்பக்கம் இறங்கும், முழங்கால் தரையைத் தொடும். விரலை எடுத்தால் ஸ்டிக்கில் இருக்கும் ஸ்பிரிங் அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும், பைக்கும் நிமிர்ந்துவிடும். இவ்வளவுதான் அவன் செய்வது.

நிஜ பைக்கில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஓரளவு வேகம் வந்தபின் இடப்பக்கம் திரும்ப, இடது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ள வேண்டும். முன்சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் போகும். அதனால்தான் வண்டி இடப்பக்கம் சாயும். வருஷக்கணக்காக பைக் ஓட்டுகிற உங்களில் பலர் தெரியாமலே இதைச் செய்கிறீர்கள். கேமில் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்துவிடுகிறது. பையன் "சாய்" என்று உத்தரவு மட்டும்தான் போடுகிறான். சாய்ப்பது வேறு யாரோ.

அதோடு முடியவில்லை. செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நேர்ச்சாலையில் டேங்க் மேல் குனிந்து படுப்பது ஆட்டோமேட்டிக். ஒரு பிரேக்கை அழுத்தினால் முன், பின் இரண்டும் சேர்ந்து பிடிக்கும். எந்த வழியில் போக வேண்டும் என்று தரையிலேயே கோடு போட்டுக் காட்டும். விழுந்தால் ஒரு பட்டன், காலம் பின்னோக்கி ஓடி விழுவதற்கு முந்தைய இடத்துக்கே போகலாம். நம் ஊர் ரோட்டில் அந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று யாராவது சொல்லுங்கள்.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, எளிமையிலிருந்து கடினத்துக்குப் போ என்பது. அதனால் இந்த உதவிகளைக் குறை சொல்ல மாட்டேன். குழந்தைக்கு இரட்டைக் கோடு நோட்டு கொடுப்பது போலத்தான் இது. ஆனால் இரட்டைக் கோட்டில் அழகாக எழுதுகிறான் என்பதற்காக, மறுநாளே கோடில்லாத தாளில் பொதுத்தேர்வு எழுத உட்கார வைப்பீர்களா?

என் பேரனுக்கு ஒரு சோதனை வைத்தேன். ஒரே ஓடுதளம், இத்தாலியின் முகெல்லோ, 5.245 கிலோமீட்டர். நாளைக்கு ஒரு உதவியை மட்டும் எடுக்க வேண்டும், ஐந்து சுற்று ஓட்ட வேண்டும், நேரத்தை நோட்டில் எழுத வேண்டும். முதல் நாள் தரைக்கோட்டை எடுத்தோம். இரண்டாம் நாள் பிரேக்கைப் பிரித்தோம். மூன்றாம் நாள் குனிவதை அவன் கையிலேயே கொடுத்தோம். பிறகு டெட்சோன். ஸ்டிக்கை எவ்வளவு அசைக்கும்வரை கேம் கண்டுகொள்ளாது என்ற அளவு அது. அதைப் பெரிதாக வைத்திருந்தான். அதனால் முதலில் ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று பைக் கவிழும். விரல் வைக்காதபோது பைக் தானாக இழுக்காத அளவுக்குக் குறைத்தோம். அப்போதுதான் சாய்வை அரைக்கால், அரை, முக்கால் என்று அளந்து கொடுக்கப் பழகினான். அந்த வாரம் முழுக்க விழுந்துகொண்டே இருந்தான். "தாத்தா, எனக்கு ஓட்டவே தெரியலையே" என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அத்தனை பாடும்.

இன்னும் கடினமானது வேண்டுமென்றால் ஜிபி பைக்ஸ் என்று ஒரு சிமுலேட்டர் இருக்கிறது. அதில் பைக்கின் சாய்வை ஒரு ஸ்டிக்குக்கும், ஓட்டுபவன் உடம்பை இன்னொன்றுக்கும் தனித்தனியாக ஒதுக்கலாம். உடம்பை உள்பக்கம் இறக்கினால் அதே வேகத்துக்கு பைக் குறைவாகச் சாய்ந்தாலே போதும் என்பது அப்போதுதான் விளங்கும். வீரர்கள் சீட்டிலிருந்து தொங்குவது ஸ்டைலுக்காக அல்ல.

இப்போது கணக்குக்கு வாருங்கள். 45 டிகிரி சாய்ந்து திரும்பினால், டயர் தரையைப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டிய விசை, வண்டி, ஆள் இரண்டின் மொத்த எடைக்குச் சமம். 60 டிகிரி என்றால் எடையைப் போல 1.73 மடங்கு. மோட்டோஜிபி வீரர்கள் 60 டிகிரிக்கு மேலும் சாய்கிறார்கள். அவர்கள் டயர், சூடேற்றிய பிறகே ஓடுதளத்தில் இறங்கும் மென்மையான ரப்பர். அவர்கள் தளம் சுத்தமானது. நம் ஊர்த் திருப்பத்தில் லாரி சிந்திய மணல், காயப் போட்ட நெல், குறுக்கே வரும் ஆடு. அங்கே அதில் பாதி சாய்வுக்கே உத்தரவாதம் கிடையாது. முன்சக்கரம் வழுக்கப் போவது முதலில் உடம்புக்குத்தான் தெரியும். கன்ட்ரோலரில் விரலுக்குக் கொஞ்சம் அதிர்வு வரும், அவ்வளவுதான். பயம் என்ற ஒன்று வரவே வராது.

"ரேஸ் வீரர்களே கேம் ஆடுகிறார்களே சார்" என்று சிலர் கேட்பீர்கள். ஆமாம். 2020 மார்ச்சில் கொரோனாவால் போட்டிகள் நின்றபோது, மோட்டோஜிபி வீரர்கள் வீட்டிலிருந்தே கேமில் போட்டி போட்டார்கள். அதே முகெல்லோவில் அலெக்ஸ் மார்க்கெஸ் ஜெயித்தார். ஆனால் அவர் அதற்கு முந்தைய வருஷமே நிஜ பைக்கில் மோட்டோ2 உலகச் சாம்பியன். ரோட்டில் கற்றவர் கன்ட்ரோலரைத் தொட்டார். நீங்கள் கன்ட்ரோலரில் கற்றவனை ரோட்டுக்கு அனுப்புகிறீர்கள்.

சட்டமும் தெரிந்துகொள்ளுங்கள். கியர் பைக் லைசென்ஸுக்கு 18 வயது ஆக வேண்டும். 2019 திருத்தத்தின்படி, சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. ஆனால் நான் அபராதத்துக்குப் பயந்து இதை எழுதவில்லை. 34 வருஷ வேலையில் மூன்று மாணவர்கள் வீட்டு வாசலில் மாலையோடு நின்றிருக்கிறேன். மூன்று பேருக்கும் வீட்டில் யாரோ பாசமாகத்தான் சாவியைக் கொடுத்திருந்தார்கள்.

ஆகவே கேட்பது இவ்வளவே. பையன் கேம் ஆடட்டும். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். உதவிகளை ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லுங்கள். பைக் சாவியைப் பீரோவில் வையுங்கள். 18 முடிந்ததும் ஹெல்மெட்டோடு காலி மைதானத்துக்கு நீங்களே கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுங்கள்.

அந்த விழா வீட்டு மாணவர் இதைப் படிப்பார் என்று தெரியும். தம்பி, கோபம் இருந்தால் போன் செய்து திட்டு, கேட்டுக்கொள்கிறேன். ஆனால் முதலில் பையன் கையிலிருந்து சாவியை வாங்கிவிட்டுக் கூப்பிடு.

அன்புடன்,
உங்கள் சார்