பதினாலு வயசுக்கு ஒரு அலமாரி

போன மாதம் வீட்டில் ஒரு சின்னப் பஞ்சாயத்து. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு, 'இந்த வயதில் படித்தே ஆக வேண்டிய 25 தமிழ்ப் புத்தகங்கள்' என்று ஒரு பட்டியல் போட்டு, எக்செல்லில் கட்டம் கட்டி, பிரிண்ட் எடுத்து அவள் மேஜைக்கு மேலே ஒட்டினேன். பேங்க்காரன் புத்தி, வேறென்ன. மூன்று வாரம் ஆகியும் ஒரு கட்டத்தில்கூட டிக் விழவில்லை. கேட்டால், "அப்பா, இது உங்களுக்குப் பிடிச்ச லிஸ்ட்டு. எனக்கு என்ன பிடிக்கும்னு நீங்க கேக்கவே இல்லையே" என்றாள்.

சுருக்கென்றது. கோபத்தில் செல்போனைத் திட்டினேன், காலத்தைத் திட்டினேன், வீட்டம்மாவையும் லேசாகத் திட்டி வாங்கிக் கட்டிக்கொண்டேன் :-) ராத்திரி படுத்து யோசித்தபோதுதான், அவள் வயதில் எனக்கு யார் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள் என்று தோன்றியது.

கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக்கொள்கிறேன். தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூர். 1993-94 வாக்கில் எனக்குப் பதினாலு வயசு. கிளை நூலகத்தில் சிறுவர் அலமாரியை முழுக்க முடித்துவிட்டேன். முயலும் ஆமையும் அலுத்துப் போச்சு. பெரியவர்கள் பக்கம் போனால் 'உனக்கு இங்க என்னலே வேலை' என்கிற பார்வை. நூலகர்தான் ஒருநாள் கூப்பிட்டு, "தம்பி, கடைசியா நீ ராத்திரி முழிச்சு படிச்ச புஸ்தகம் எது?" என்று கேட்டார். தமிழ்வாணனின் சங்கர்லால் என்றேன், பயந்துகொண்டே. திட்டவில்லை. உள்ளே போய் ஒரு சுஜாதாவை எடுத்து வந்து, "இதப் பாரு, பிடிக்கலைன்னா நாளைக்கே திருப்பிக் குடு" என்றார். அவ்வளவுதான். பின்னாளில் பி.காம்., வங்கித் தேர்வு, ஊர் ஊராக மாற்றல் என்று வாழ்க்கை ஓடினாலும், அன்றைக்குப் பிடித்த பழக்கம் விடவில்லை.

அவர் கேட்ட கேள்வியை நான் என் மகளிடம் கேட்கவில்லை. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

இப்போது கொல்கத்தாவுக்கு வருவோம். இங்கே வந்து இரண்டு வருஷம் ஆகிறது. எங்கள் கிளையின் ஹெட் கேஷியர் ஒரு வங்காளி, எல்லோருக்கும் அவர் 'தாதா'. பட்டியல் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "உங்கள் மொழியில் கிஷோர் சாகித்யா என்று தனியாக இல்லையா?" என்று கேட்டார். கிஷோர் என்றால் குழந்தையும் அல்லாத, பெரியவரும் அல்லாத அந்த நடுவயது. வங்காளத்தில் அதற்கென்றே ஒரு இலக்கிய வகை இருக்கிறது. சத்யஜித் ராயின் தாத்தா உபேந்திரகிஷோர் 1913-ல் தொடங்கிய 'சந்தேஷ்' பத்திரிகை இடையில் நின்றுபோக, ராய் 1961-ல் மீண்டும் கொண்டுவந்தார். அதில்தான் 1965-ல் ஃபெலுடா என்கிற துப்பறிவாளர் பிறந்தார். கதை சொல்வது அவரல்ல, கூடவே சுற்றும் பதின்ம வயதுத் தம்பி தோப்ஷே. படிக்கிற பையன் யாராக மாறிப் படிப்பான் என்று ராய்க்குத் தெரிந்திருக்கிறது. சுகதாரா 1948-லிருந்து, கிஷோர் பாரதி 1968-லிருந்து, ஆனந்தமேளா 1975-லிருந்து என்று பத்திரிகைகளும் உண்டு. துர்கா பூஜைக்கு அவை போடும் சிறப்பு மலர்களில் இந்த வயதுக்கென்றே முழு நாவல்கள் வரும். உலகப் படம் எடுத்த மனிதர் பதிமூன்று வயதுப் பையனுக்கு எழுதுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கவில்லை. நான் அசந்துபோனது அங்கேதான்.

உடனே 'வங்காளத்தைப் பார், நாமும் இருக்கிறோமே' என்று புலம்ப வரவில்லை. இங்கே எங்கள் பேட்டையில் ஒரு அரசு உதவி பெறும் நூலகம் இருக்கிறது. ஒரே நூலகர் இரண்டு நூலகங்களைப் பார்ப்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் திறக்கிறது. மேற்கு வங்கத்தின் 1979-ம் வருஷத்து நூலகச் சட்டத்தில் நூலக வரி கிடையாது. நம் ஊரில் 1948-லேயே சட்டம் வந்துவிட்டது, சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறோம். ஆக, இங்கே புத்தகம் இருக்கிறது, நூலகத்துக்கென்று தனி வரி இல்லை. அங்கே வரி இருக்கிறது, கிளை நூலகத்தில் பதினாலு வயசுக்கு என்று ஓர் அலமாரி இல்லை. நான் பார்த்த கிளை நூலகங்கள் எல்லாவற்றிலும் 'சிறுவர்', அதை விட்டால் 'பொது'. நடுவில் ஒரு பள்ளம். நம் பிள்ளைகள் அந்தப் பள்ளத்தில்தான் விழுகிறார்கள்.

வெளிமாநிலத்தில் வளரும் பிள்ளைகளுக்குப் பள்ளம் இன்னும் ஆழம். என் மகளுக்குத் தமிழ் அவள் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக் கொடுத்தது. வாசிப்பு வேகம் நாலாம் வகுப்பு, மூளை ஒன்பதாம் வகுப்பு. காக்கா நரிக் கதை கொடுத்தால் அவமானமாக நினைக்கிறாள். 'பொன்னியின் செல்வன்' கொடுத்தால் அஞ்சு பாகத்தைப் பார்த்ததும் மலைத்துப்போகிறாள். அவளுக்கு வேண்டியது எளிய நடை, ஆனால் வயசுக்கு ஏற்ற விஷயம். ஊரில் ஆங்கில மீடியம் படிக்கும் பிள்ளைகளில் பலருக்கும் இதே நிலைமைதான். 2023-ல் தமிழக அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சின்னப் புத்தகங்கள் கொடுத்தது நல்ல காரியம். என் கேள்வி, பறக்கத் தொடங்கிய பிள்ளை அடுத்து எந்தக் கிளையில் போய் உட்காரும்?

தமிழில் புத்தகமே இல்லை என்று சொல்ல முடியாது. சாகித்ய அகாதமி 2010 முதல் பால சாகித்ய புரஸ்கார் கொடுத்து வருகிறது. 2020-ல் அதைப் பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', பிள்ளைகள் மீதான பாலியல் சீண்டலை அவர்களுக்கே புரியும்படி பேசுகிறது. 2023-ல் பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியை வைத்து எழுதப்பட்டது. விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' 2025-ல் பெற்றது. ஃபெலுடாவும் தமிழில் வந்திருக்கிறார். புத்தகம் இருந்தும் பிள்ளையின் கைக்குப் போய்ச் சேரவில்லை. அந்தப் பாலத்தைப் போட வேண்டியது நூலகம்.

எங்கள் துறையிலிருந்தே ஒரு உதாரணம். 2014-ல் ரிசர்வ் வங்கி, பத்து வயது தாண்டிய பிள்ளைகள் தாங்களே கணக்கு தொடங்கி இயக்கலாம் என்றது. வரம்பு உண்டு, ஆனாலும் கையெழுத்து பிள்ளையுடையது. பணத்தையே நம்பிக் கொடுக்கலாம் என்கிறபோது, ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுக்க நமக்கு ஏன் இவ்வளவு தயக்கம்? கண்டதைப் படித்துக் கெட்டுப்போவார்கள் என்பார்கள். கெட்டுப்போக வேண்டுமென்றால் கையில் போன் இருக்கிறது ஐயா, அதற்கு நூலகம் வரை நடக்க வேண்டியதில்லை.

என் சிற்றறிவுக்குப் பட்டதைச் சொல்கிறேன். கட்டடம் வேண்டாம், கோடிகள் வேண்டாம்.

ஒன்று, கிளை நூலகத்தில் ஒரே ஒரு அலமாரி, 12 முதல் 17 வயதுக்கு. சிறுவர் பகுதியிலிருந்து தள்ளி வையுங்கள். மீசை அரும்பும் பையன் கரடி பொம்மைப் படத்துக்குக் கீழே உட்கார மாட்டான். அதில் காமிக்ஸும் இருக்கட்டும், துப்பறியும் கதையும் இருக்கட்டும்.

இரண்டு, அந்த அலமாரிக்கு வாங்கும் புத்தகங்களில் ஒரு பங்கை அந்த வயதுப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். கமிட்டியில் ரிட்டயர்டு ஆசாமிகள் மட்டும் இருந்தால் என் எக்செல் பட்டியல்தான் மறுபடி வரும்.

மூன்று, படித்து முடித்த பிள்ளை நாலு வரி எழுதி ஒரு சீட்டைப் புத்தகத்துக்குள் வைக்கட்டும். 'நடுவுல கொஞ்சம் போர், முடிவு சூப்பர்' என்று இருந்தால் போதும். அடுத்த பிள்ளை நம் பேச்சை நம்பாது, அந்தச் சீட்டை நம்பும்.

நான்கு, பாதியில் மூடிவைக்கும் உரிமை. முடித்தாயா, நீதி என்ன என்று பரீட்சை வைக்காதீர்கள். நாம் பாதியில் மூடிய புத்தகங்கள் எத்தனை என்று மனசாட்சியைக் கேட்டுப் பார்ப்போம்.

இதெல்லாம் நடக்க, பிள்ளையிடம் பேச நேரமுள்ள ஒரு நூலகர் வேண்டும். ஒருவர் இரண்டு ஊரைப் பார்த்துக்கொண்டு ரிஜிஸ்டர் எழுதினால் எங்கே பேசுவது? செலவு என்றால் இந்த ஒன்றுதான். வரி கட்டுகிற நாம் கேட்க வேண்டியதும் இதைத்தான்.

சரி, வீட்டுக்கதை. அந்த நூலகரின் கேள்வியை மகளிடம் கேட்டேன். பள்ளித் தோழி கொடுத்த ஃபெலுடாவின் 'சோனார் கெல்லா'வை ஆங்கிலத்தில் இரண்டு ராத்திரியில் முடித்தாளாம். எனக்குத் தெரியவே தெரியாது. போன வாரம் 'ஆதனின் பொம்மை'யைத் தபாலில் வரவழைத்தேன். மேஜையில் வைத்தேன், ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாள் ராத்திரி வந்து ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டாள். அப்புறம் இன்னொன்று. பத்தரை மணிக்கு "விளக்கை அணைக்கட்டுமா?" என்றேன். "இருங்கப்பா, அஞ்சு நிமிஷம்" என்றாள்.

பட்டியலை நானே கிழித்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது அவள் கைப்பட எழுதிய ஒரு தாள் இருக்கிறது. மூன்றே பெயர்கள். மூன்றாவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத புத்தகம். எது என்று கேட்காதீர்கள், வாங்கிக் கொடுத்துவிட்டேன்.