அநுமதிப்பத்திரம் உரிமையாகாது

கடல் கடந்து சென்று ஒரு வர்த்தக அநுமதிப்பத்திரத்தைப் பெற்றுவிட்டால் வாழ்வு மலர்ந்துவிடும் என்னும் கூற்று மலையகத்து இளைஞர் மத்தியில் இன்று வேதவாக்காகப் பரவி வருகின்றது. மாத்தளை நகரிலும், இறத்தோட்டை, உக்குவளை, எல்கடுவை ஆகிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்களிலும் மத்திய கிழக்கிற்குச் செல்வது புதியதொன்றன்று. வீட்டுப் பணிக்கும் சாரதி வேலைக்கும் சென்றவர் பலர். புதியது யாதெனில், 'இனி நீ கூலியாகச் செல்ல வேண்டியதில்லை. முதலாளியாகவே செல்லலாம்' எனத் தரகர் கூறும் ஆசைமொழியே. டுபாயில் அநுமதிப்பத்திரம், அதனுடன் வதிவிட விசா, வங்கிக் கணக்கு, அனைத்தும் ஒரே கட்டணத்தில் எனும் விளம்பரங்கள் இப்போது தமிழிலும் வெளிவருகின்றன. தாயின் காதணியும் ஊழியர் சேமலாப நிதியும் இவ்விளம்பரங்களுக்குப் பலியாவதற்கு முன், இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மையானது என ஆராய்வது அவசியமாகின்றது.

அநுமதிப்பத்திரம் என்பது யாது? குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட தொழிலை, குறிப்பிட்ட காலத்துக்குச் செய்வதற்கு அரசு அளிக்கும் இசைவு மட்டுமே அது. கொடுத்தவர் மீளப்பெறக்கூடியது இசைவு. உரிமையோ அவ்வாறானதன்று. இவ்வேறுபாட்டினை மறைப்பதிலேயே தரகரின் வியாபாரம் தங்கியிருக்கின்றது.

ஐக்கிய அரபு அமீரகத்தையே எடுத்து நோக்குவோம். சுதந்திர வலயங்களுக்கு வெளியே நிறுவனம் ஒன்றைத் தொடங்கும் அந்நியர், அதன் 51 வீதப் பங்கினை அந்நாட்டவர் ஒருவரின் பெயரில் வைத்திருக்க வேண்டுமென்ற விதி நெடுங்காலம் நிலவியது. 2021 யூன் மாதம் முதல் பெரும்பாலான தொழில்களுக்கு இவ்விதி தளர்த்தப்பட்டது. 'பார்த்தீர்களா, சட்டமே மாறிவிட்டது' எனத் தரகர் காட்டுவது இம்மாற்றத்தையே. மாற்றம் உண்மைதான், அதனை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் மாறாதவை யாவை என்பதை அவர் கூறுவதில்லை. அநுமதிப்பத்திரம் பொதுவாக ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. வதிவிட விசா அதனுடன் பிணைக்கப்பட்டது. ஒன்று வீழ்ந்தால் மற்றையதும் வீழும். சுதந்திர வலயத்தில் மலிவாகப் பெறும் அநுமதிப்பத்திரத்தை வைத்துக்கொண்டு, வேறு அநுமதியின்றி, வலயத்திற்கு வெளியே உள்ள தெருவில் ஒரு பலசரக்குக் கடை திறக்க இயலாது. கடை வாடகைக்குப் பின்திகதியிட்ட காசோலைகளை முன்கூட்டியே கொடுக்கும் வழக்கம் அங்குண்டு. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சட்டம் திருத்தப்படும்வரை, பணமின்றித் திரும்பிய காசோலை ஒருவரைச் சிறைக்கே அனுப்பக்கூடியதாயிருந்தது. முதலீட்டாளர் என்ற வகையிற் பத்தாண்டு வதிவிடம் வேண்டுமாயின் 20 இலட்சம் திர்ஹம் முதலிட வேண்டும். காதணியை அடகு வைத்தவருக்கு அக்கதவு திறவாது. எத்தனை ஆண்டுகள் கடை நடத்தினாலும் குடியுரிமை என்பது சாதாரண வணிகர் எட்டக்கூடிய ஒன்றன்று.

இவையெல்லாம் அந்நாட்டின் குற்றமெனக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எந்நாடும் தன் சந்தையின் வாயிலில் காவல் வைக்கவே செய்யும். வாயிற் சீட்டினை வீட்டுப் பத்திரம் எனக் கூறி விற்பவரே குற்றவாளி. அச்சீட்டினை வாங்க வேறெவரும் முண்டியடிக்கலாம்; மாத்தளைத் தமிழர் முண்டியடிப்பது விந்தையிலும் விந்தை. ஏனெனில், காகிதத்தை நம்பிய வரலாறு அவர்களிடம் போல் வேறெவரிடமும் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களை நாடி வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மலைநாட்டினுள் நுழைந்த வாயில் மாத்தளையே. வழியிற் காய்ச்சலாலும் பசியாலும் மாண்டோர் எண்ணற்றோர். அவர்களின் சந்ததியினர் கையிற் கண்ட முதற் காகிதம் 'துண்டு'. கடனை அடைத்தால் தொழிலாளியை விடுவிப்பேன் எனத் தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டு அது. வேறு தோட்டத்திற்குப் போக அநுமதி போலத் தோன்றியது. உண்மையில் கடனையே ஒரு கங்காணியிடமிருந்து இன்னொரு கங்காணிக்கு மாற்றியது. 1921இலேதான் சட்டம் அதனை ஒழித்தது.

தொழிலாளரைப் பின்தொடர்ந்து வணிகரும் வந்தனர். நாட்டுக்கோட்டைச் செட்டிமார் வட்டிக் கடையும் அரிசி வணிகமும் நடத்தினர். தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து வந்த சிறு வணிகர் மாத்தளை நகரிலே துணிக்கடை, பலசரக்குக்கடை, சாப்பாட்டுக்கடை எனப் பலவற்றைத் திறந்தனர். ஏலமும் மிளகும் கொக்கோவும் கொள்வனவு செய்து கொழும்புக்கு அனுப்பினர். இவர்களே அந்நிய நாட்டில் வணிகம் தொடங்கியோருக்கு மாத்தளை அளிக்கும் முதற் சான்று. இவர்களுக்கு நேர்ந்தது என்ன?

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அவ்வாண்டின் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம், இந்தியக் கடவுச்சீட்டுடன் கடை நடத்திய வணிகரைத் தற்காலிக வதிவிட அநுமதியின் கீழ்க் கொணர்ந்தது. இறக்குமதி வணிகத்தை இலங்கையர் மயமாக்கும் கொள்கை, உரிமங்களைப் பதிவுபெற்ற இலங்கை வணிகருக்கு ஒதுக்கத் தொடங்கியது. கடை அவருடையது, சரக்கு அவருடையது, வாடிக்கையாளரும் அவரை நம்பினர். ஆனால் வதிவிட அநுமதி புதுப்பிக்கப்படாத அன்றே அனைத்தும் பயனற்றன. அவருடைய வணிகத்தை முறித்தது நட்டமன்று, தேதியிட்ட ஒரு முத்திரையே.

'இலங்கையின் சிறு வணிகனைக் காக்க வேறு வழி யாது?' எனச் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. ஒரு நாடு தன் சிறு வணிகரைப் பேணுவது தவறன்று. ஆனால் இந்நாட்டிலே பிறந்து இந்நாட்டிலேயே உழைத்தவரையும் அதே தட்டில் வைத்து அந்நியர் என நிறுத்தபோது, அது வணிகக் கொள்கை என்ற நிலையிலிருந்து வழுவிற்று. இந்நாட்டில் மட்டும் நிகழ்ந்ததுமன்று இது. 1964இல் பர்மாவின் இராணுவ அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியபோது இந்தியர் இலட்சக்கணக்கில் வெறுங்கையுடன் கப்பலேறினர். 1972இல் உகண்டாவின் ஆசியருக்கு 90 நாள் அவகாசமே அளிக்கப்பட்டது. அவர்களிடமும் அநுமதிப்பத்திரங்கள் இருந்தன.

இரண்டாவது சான்று இதனினும் கொடியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானம் என்பதே அக்கணக்கு. எஞ்சியோரையும் 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மாத்தளைத் தோட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் தலைமன்னாருக்குப் புறப்பட்டன. ஒரு குடும்பம் கொண்டு செல்லக்கூடிய சொத்தின் உச்சவரம்பு ரூபா 4,000க்குக் குறைக்கப்படலாகாது என ஒப்பந்தம் கூறியது. தலைமுறை தலைமுறையாய்க் காட்டைத் தோட்டமாக்கிய உழைப்பிற்கு அதுவே பெரிய மனம் எனக் கருதப்பட்டது போலும்!

அக்கரையில் அவர்களுக்குக் காத்திருந்தது என்ன? தேயிலைக் கொழுந்து பறித்தவரையும் கவ்வாத்து வெட்டியவரையும் வணிகராக்கும் திட்டம். நீலகிரியில் 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டமும் வேறு சில தொழில்களும் ஒரு பகுதியினருக்கு வேலையளித்தன. ஏனையோரிற் பெரும்பாலோருக்குக் கிடைத்தது ரூபா 5,000 வரையிலான 'வியாபாரக் கடன்'. தராசு பிடித்தறியாத கைகள் அவை. தோட்டத்துக் கடையிலே கடனுக்கு வாங்கிப் பழகியவரேயன்றி விற்றுப் பழகியவரல்லர். அறிமுகமற்ற ஊரில் கடையிடமும் இல்லை, கடன் தரும் மொத்த வியாபாரியும் இல்லை. பணத்தின் ஒரு பங்கு தரகர் கைக்குச் சென்றது. மறு பங்கு உணவாயிற்று. கடை திறவாமலே வணிகர் எனப் பதியப்பட்ட குடும்பங்கள் மீண்டும் தேயிலையின் வாசனையைத் தேடி நீலகிரிக்கு ஏறின. கொடைக்கானல் மலைக்காடுகளிலே ஒப்பந்தக்காரரிடம் கொத்தடிமைகளாகிய குடும்பங்களும் உண்டு. காகிதத்தில் அவர்கள் கடைக்காரர். காட்டில் அவர்கள் அடிமைகள். ஒருவருக்கு வணிகப் பட்டம் சூட்டுவது எவ்வளவு எளிது, அவரை வணிகராக்குவது எவ்வளவு அரிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

'செட்டிமார் வெற்றி பெற்றனரே' என வாதிடுவோர் உளர். பெற்றனர், ஆனால் எதனால்? செட்டிநாட்டிலே முதலீட்டுக் குடும்பம் இருந்தது. கணக்குப் பழகிய ஏசெண்டு குறித்த தவணைக்கு வந்து மீண்டான். ஒருவர் இடருற்றால் கைகொடுக்க அதே தெருவிற் பிற கிட்டங்கிகள் இருந்தன. அநுமதிப்பத்திரம் அவர்கள் வணிகத்தின் இறுதிப் படியேயன்றி முதற் படியன்று. அத்தனை வலிமை பெற்றிருந்தும் பர்மாவில் அவர்கள் நிலங்களை இழந்தனர். அவர்களே இழந்தனரெனின், தோட்டத்து லயத்திலிருந்து தனியனாகப் புறப்படும் இருபத்தைந்து வயது இளைஞன் எதனைப் பற்றி நிற்பான்?

ஆயின் இளைஞர் ஏன் புறப்படுகின்றனர்? இவ்வினாவுக்கு விடையிறுக்காது தரகரை மட்டும் ஏசுவது பாதி உண்மையே. மாத்தளையிலே கடை வைக்கவும் அநுமதிப்பத்திரம் வேண்டும். ஆண்டுதோறும் உள்ளூராட்சி மன்றத்தில் அதைப் பெறலாம். ஆனால் வங்கிக் கடனுக்கு ஈடு வேண்டும். லயத்து அறைக்கு உறுதியில்லை, அது தோட்டத்திற்குரியது. அவ்வறையின் முன் ஒரு பெட்டிக்கடை வைப்பதற்கும் தோட்ட நிருவாகத்தின் தயவு வேண்டும். நாடற்றோரின் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் தீர்வு கண்டதெனினும், குடியுரிமையுடன் காணியுரிமை வந்து சேரவில்லை. நகரத்துக் கடையும் அச்சத்திற்கு அப்பாற்பட்டதாய் இருந்ததில்லை. 1983 யூலையிலே மாத்தளை நகரின் தமிழர் கடைகள் எரிந்தன. முத்துமாரியம்மன் கோயிலும் தாக்கப்பட்டது. எரிந்த கடைகளும் அநுமதிப்பத்திரம் பெற்ற கடைகளே. சொந்த மண்ணில் ஈடு வைக்க ஒரு முழ நிலமில்லாதவனுக்கு, ஈடு கேளாத டுபாய் அநுமதிப்பத்திரம் சொர்க்கமாய்த் தோன்றுவதில் வியப்பென்ன?

ஆகவே, வெளிநாட்டில் வணிகம் செய்யவே கூடாதென்பது இங்கு முடிவன்று. அனுபவமும் முதலும் துணையும் உடையவர் செல்லட்டும்; செழிக்கட்டும். செல்லுமுன் அநுமதிப்பத்திரத்தின் விலையைக் கேட்பதோடு அமையாது, வேறு வினாக்களையும் எழுப்பட்டும். அது புதுப்பிக்கப்படாவிடின் எத்தனை நாளில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும்? எத்தொழிலை, எவ்வெல்லைக்குள் அது அநுமதிக்கின்றது? இங்கிருந்து முதலை அனுப்புவது 2017ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்திற்கு அமைந்ததா, அன்றி உண்டியல் வழியா? பங்காளி ஏமாற்றினால் எந்த மன்றத்தில், எம்மொழியில், யாருடைய செலவில் வழக்காடுவது? இவற்றிற்கு எழுத்தில் விடை தராத தரகனிடம் ஒரு சதமும் கொடுத்தல் தகாது.

அரசிடம் கேட்கவேண்டியது இதனினும் பெரிது. அந்நியச் செலாவணி அனுப்புவோரை நாட்டின் வீரர் எனப் போற்றுவோர், அவ்வீரர் விட்டுச் சென்ற லயத்து அறைக்கு உறுதிப்பத்திரம் வழங்கத் தயங்குவதேன்? ஏலமும் மிளகும் விளையும் மாவட்டத்தில், அவற்றைப் பறித்த கைகளுக்கு அவற்றை விற்கும் வாய்ப்பு ஏன் இல்லை? இவ்வினாக்களை எழுப்பும் கடமை பல்கலைக்கழகத்திற்கு வந்த மலையக மாணவருக்கே முதன்மையாக உரியது.

துண்டும், வதிவிட அநுமதியும், வியாபாரக் கடன் பத்திரமும் மாத்தளைத் தமிழரின் கைகளில் வந்து வந்து கிழிந்தன. இன்னொன்றை வாங்க வரிசையில் நிற்கும் இளைஞனுக்கு வேண்டியது காணியுறுதி. அதனைக் கையிற் கொடுத்த பின்னரும் அவன் கடல் கடக்க விரும்பினால், அன்று அவன் செல்வது வணிகனாக. இன்று செல்வது அகதியாக.