துரோகி என்று சொல்லுமுன்



நல்லூர் முத்திரைச் சந்தியில் நிற்கும் சங்கிலி மன்னன் சிலையை நாம் எல்லோரும் அறிவோம். 1974இல் வைத்து, 2011இல் புதுப்பித்த சிலை அது. அவருக்கு முன் 26 ஆண்டுகள் அதே நல்லூரில் அரசிருந்த எதிர்மன்னசிங்கனை எத்தனை பேர் அறிவோம்?

1591இல் போர்த்துக்கேயத் தளபதி பூர்த்தாதோ படையோடு வந்தான். அரசர் புவிராச பண்டாரம் கொல்லப்பட்டார். எதிர்மன்னசிங்கனை அரியணையில் இருத்தியவர்கள் போர்த்துக்கேயரே. அவர்களுக்குத் திறை கட்ட வேண்டும், பாதிரிமாருக்கு இடங்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இவ்வளவோடு நிறுத்தினால் “அந்நியனின் கைப்பொம்மை” என்று சொல்லிவிடலாம்.

ஆனால் அதே மன்னர் பாதிரிமாரின் வேலைக்குத் தடையாக இருந்தார். போர்த்துக்கேயரோடு போராடிய கண்டி அரசுக்குத் தென்னிந்தியாவிலிருந்து உதவி போக வழிவிட்டார். போர்த்துக்கேயர் அவரைச் சந்தேகித்தபடியே இருந்தார்கள்.

1617இல் அவர் இறந்ததும், குழந்தை வாரிசுக்காக ஆள வந்த அரசகேசரியைக் கொன்று சங்கிலி ஆட்சியைப் பிடித்தார். முதலில் அவரும் போர்த்துக்கேயரின் அங்கீகாரத்தையே கேட்டார். பின்னர் தஞ்சை நாயக்கரின் துணையோடு எதிர்த்துப் போரிட்டு, 1619இல் பிடிபட்டு, கோவாவில் மரண தண்டனை பெற்றார். அந்த முடிவே நம் நினைவில் நிற்கிறது.

எதிர்மன்னசிங்கனுக்கு மாலை போட நான் வரவில்லை. கொலையுண்ட அரசரின் இருக்கையில்தான் அவர் அமர்ந்தார். அவர் கட்டிய திறையும் குடிசனங்களின் வியர்வைதான். அதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

ஆனாலும் “துரோகி” என்பது இந்த மண்ணில் வெறும் சொல்லல்ல. நம் காலத்திலும் அது உயிர்களைக் குடித்தது. பிள்ளையைத் தேடி முகாம் வாசலில் நின்று அதிகாரியோடு பேசிய தாய்மாரைக்கூட ஊர்க்கண் சந்தேகத்தோடு பார்த்ததுண்டு.

ஆகவே பிள்ளைகள் சரித்திரப் பாடம் படிக்கும்போது பக்கத்தில் இருந்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அவருக்கு வேறு என்ன வழி இருந்தது? அவர் செய்ததால் யார் தப்பினார்கள்? யார் விலை கொடுத்தார்கள்? இவற்றுக்குப் பதில் தேடிய பிள்ளை, நாளைக்கு அயலவர் ஒருவர்மேல் அந்தச் சொல்லை இலேசில் எறியாது.